முறைக் காய்ச்சலின் வரலாறு



மலேரியாவைக் கண்டவர்கள் அதன் ஒழுங்கை மறந்திருக்கமாட்டார்கள். வன்னியிலே நான் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில், பாடவேளையில் நடுங்கிக் கிடந்த மாணவன் மறுநாள் ஓடி விளையாடுவான். அதற்கடுத்த நாள் ஏறத்தாழ அதே வேளையில் மீண்டும் நடுங்குவான். இந்த முறை தவறாத காய்ச்சலை உண்டாக்குவது யாது? இவ்வினாவுக்கு விடை காண நூறாண்டுக்கு மேல் சென்றது. அவ்வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

1880 ஆம் ஆண்டில், அல்ஜீரியாவின் கொன்ஸ்தாந்தீன் நகரிலே, பிரெஞ்சுப் படை மருத்துவர் லவெரான் என்பார் நோயாளியின் குருதியில் உயிருள்ள ஒட்டுண்ணியைக் கண்டார். கெட்ட காற்றே நோயைத் தருகிறது என்ற பழங்கொள்கை ஆட்டங்கண்டது. 1885, 1886 ஆம் ஆண்டுகளில், இத்தாலியின் பாவியா நகரப் பேராசிரியர் கமில்லோ கொல்கி மற்றோர் உண்மையை வெளியிட்டார். செங்குழியங்களுள் வளரும் ஒட்டுண்ணிகள் ஒரே வேளையில் பெருகி, அவற்றை உடைத்து வெளிவருகின்றன. அவ்வேளையிலேயே காய்ச்சல் எழுகின்றது. நோயின் கடிகாரம் புலப்பட்டது. ஆயினும், குழியம் உடையும்போது சிந்தும் நஞ்சு யாதென்பது புலப்படவில்லை.

பிற்காலத்தில் ஆய்வாளரின் பார்வை நமது உடலின் பக்கம் திரும்பியது. கொழும்புப் பல்கலைக்கழகத்தினர் பங்குகொண்டு 1992 இல் வெளியான ஆய்வொன்று, காய்ச்சல் ஏறி இறங்கும்போது, கட்டி நசிவுக் காரணி எனப்படும் பொருளும் குருதியில் உடன் ஏறி இறங்குவதைக் காட்டியது. அப்பொருளை ஒட்டுண்ணி ஆக்குவதில்லை. நம்மைக் காக்கும் வெண்குழியங்களே ஆக்குகின்றன!

அக்காவலரை எழுப்புவது எது? 1993 இல் ஸ்கோபீல்ட், ஹக்கெற் என்னும் இருவர் அதற்கு விடை தந்தனர். ஒட்டுண்ணி தன் மேற்பரப்பிலுள்ள புரதங்களை ஒருவகை நங்கூரத்தால் பிணைத்து வைத்திருக்கின்றது. அந்நங்கூரத்தின் ஒரு பகுதி வெல்லத்தாலும், மென்சவ்விலே புதைந்திருக்கும் பகுதி கொழுப்பாலும் ஆனவை. இப்பொருளே காவற் குழியங்களைத் தூண்டுவதாக அவர்கள் காட்டினர்.

குழியங்கள் அதனை எவ்வாறு இனங்காண்கின்றன? 1996 இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஹொஃப்மன் குழுவினர் பழ ஈயிலும், 1998 இல் அமெரிக்காவில் பொய்ற்லர் குழுவினர் எலியிலும், 'டோல்' வகை வாங்கிகள் கிருமியை உணர்வதைக் கண்டறிந்தனர். 2011 இல் இவ்விருவரும் நோபெல் பரிசு பெற்றனர். மலேரியா ஒட்டுண்ணியின் கொழுப்பு நங்கூரத்தையும் இவ்வகை வாங்கிகளே உணர்கின்றன என்பது 2005 அளவில் தெளிவாயிற்று. அவ்வாய்வு மற்றொன்றையும் காட்டியது. காவற் குழியத்தின் மேற்பரப்பிலுள்ள நொதியங்கள் அக்கொழுப்பைச் சிதைத்து, அதன் தூண்டும் ஆற்றலைப் பெரிதும் அழிக்கின்றன. எனவே, மணியோசை கேட்டு எழும் காவலனே அம்மணியை அடக்கவும் வல்லவன்.

இவ்வடக்கம் இன்றியமையாதது. அளவான எதிர்ப்பு உடலைக் காக்கும்; அளவு கடப்பின் மூளையின் நுண்குழாய்களையும் பாதித்து உயிருக்கே உலை வைக்கும். 2002 இல் நடந்த ஆய்வொன்றில், அந்நங்கூரத்தின் வெல்லப் பகுதியைச் செயற்கையாக ஆக்கி எலிகளுக்கு ஏற்றினர். ஒட்டுண்ணிகளின் தொகை குறையாதபோதும், பல எலிகள் கொடிய நோயினின்றும் தப்பின. அதனை மனிதருக்குரிய தடுப்பு மருந்தாக்கும் பணி எளிதாய் முடியவில்லை. எனினும், கொல்வது கிருமி மாத்திரமன்று, நமது காவலின் மிகையுமாகும் என்ற பாடம் நிலைத்தது.

நேயர்களே, 1934, 1935 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. ஆயினும், நோயைப் பரப்பவல்ல நுளம்பு நம்மிடையே இன்னும் உண்டு. நோயுள்ள நாடுகளுக்குச் சென்று திரும்புவோரும் உளர். அவ்வாறு திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், தாமதியாது குருதியைப் பரிசோதிப்பிப்பது கடமையாகும். உடலுக்குள்ளே காவலர் விழித்திருக்கின்றனர். ஊரிலே நாமும் விழித்திருப்போமாக.