மீன் இறங்கும் கரையில் இரத்தசோகை

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், மணப்பாட்டுக்கு அப்பால் உள்ள மீனவர் ஊர் பெரியதாழை. நெத்திலியும் சாளையும் கரையேறும் இடம். மீனின் இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். உடன் உண்ணும் கீரையின் இரும்பையும் ஏற்கச் செய்யும். ஆயினும் மீன் கரையேறுவது வேறு, மழலையின் கிண்ணத்தை எட்டுவது வேறு. உள்நாட்டுத் தேரிமண்ணில் கூலிக்கு உழைக்கும் சேரிக் குடும்பத்திற்கு அத்தொலைவு இன்னும் அதிகம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதாவது ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழ். 2015-16இல் இது 50.7 விழுக்காடு. இச்சராசரிக்குள் எந்தத் தெரு எவ்வளவு சுமக்கிறது என்பதே நம் கேள்வி.

பாதிப்பு கருவறையிலேயே தொடங்குகிறது. அதே கணக்கெடுப்பில் மாநிலக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினர் சோகையுற்றவர்கள். பிள்ளை பிறக்கும்போது கொண்டுவரும் இரும்புச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதமே தாங்கும். குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்தால் அது முன்னதாகவே தீரும். தொப்புள்கொடியை ஒரு நிமிடமேனும் பொறுத்துக் கட்டினால் கூடுதல் இரத்தம் சேயைச் சேரும். செலவேயில்லாத இச்செயலை அவசரத்தில் பறிகொடுப்பது கொடுமை. ஆறு மாதத்திற்குப் பின் தாய்ப்பாலின் இரும்பு போதாது. அப்போது வெறுங்கஞ்சியும் பசும்பாலும் மட்டும் ஊட்டப்படுவதும், தேநீர் புகட்டப்படுவதும் நிலையை மோசமாக்கும். தவழும் வயதில் கழிப்பிடமற்ற மண்ணிலிருந்து கொக்கிப்புழு ஏறினால் குடலிலும் இரத்தம் இழக்கப்படும்.

2018இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்படி, 6 முதல் 59 மாதக் குழந்தைக்கு வாரம் இருமுறை 1 மி.லி. இரும்பு, ஃபோலிக் அமில மருந்து தரவேண்டும். தேவையானதுதான், எனினும் தாயின் கூலியையும் குடிநீரையும் மருந்துப்புட்டி ஈடுசெய்யாது.

அம்மருந்தும் சத்துமாவும் அங்கன்வாடி வழியே வருபவை. அங்கன்வாடி ஆதிக்கச் சாதித் தெருவில் நின்றால் நம் பிள்ளை அங்கே எப்படிப் போகும்? உணவுரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை, புதிய மையங்களைப் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளில் முதலில் அமைக்கச் சொல்கிறது. ஆறு வயதுக்குட்பட்டோர் 40 பேர் இருந்தும் மையமில்லாத குடியிருப்பு கோரினால், மூன்று மாதத்திற்குள் திறந்தாகவேண்டும். களத்திலுள்ள தோழர்கள் முதலில் தத்தம் தெருப் பிள்ளைகளை எண்ணி, கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டுப் பெறவேண்டும்.