ஹேலி கப்பலேறிப் போய்ப் பார்த்தது

வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹேலி, 1676-இல் ஆக்ஸ்ஃபோர்டு படிப்பைப் பாதியில் விட்டு, தெற்கு வானத்தை அளக்க செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறினார். வயது 20! தீவில் எந்நேரமும் மேகம். ஆனாலும் 1677-இல், டாலமி காலத்திலிருந்து ஒற்றை விண்மீன் எனப்பட்ட ஒமேகா சென்டாரி உண்மையில் ஒரு மங்கல் திட்டு என்று கண்டார். இன்று அதைப் சுமார் ஒரு கோடி விண்மீன்களின் உருண்டைக் கொத்து என்கிறோம்.

இங்கிலாந்தில் உதிக்காத அது, சென்னையில் மே மாத இரவு 10 மணி வாக்கில் தெற்கே 30 டிகிரி உயரத்தில் நிற்கும். என் 6 அங்குலத் தொலைநோக்கியில் ரவை சிந்தியதுபோல் தெரிகிறது. ஆனால் 10 விநாடிப் படங்களாக எடுத்து அடுக்கினால், தண்ணீர்த்தொட்டி விளக்கால் எல்லாம் வெளுத்துவிடுகிறது. மே மாதத்தில் ஒரே ஒரு இரவு, ஒரு மணி நேரம் அதை அணைக்கச் சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். நீங்களும் சொல்லுங்களேன்.