பெயர் தெரியாத சிப்பாய்



போன வாரம் பாலசமுத்திரத்து வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது அம்மாவின் தகரப்பெட்டி கிடைத்தது. சேலைகளுக்கு அடியில் ஒரு பழைய படம். காக்கி உடையில் ஒருவர் விறைப்பாக நிற்கிறார். "எங்க பெரிய மாமா, பர்மாச் சண்டைக்குப் போனவரு" என்று அம்மா ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்க அம்மா இல்லை.

இதைவிடப் பழைய, 19ஆம் நூற்றாண்டுச் சிப்பாய்களின் படங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகில் பலர் உண்டு. அப்போது கண்ணாடியிலும் இரும்புத் தகட்டிலும் குறைந்த செலவில் படம் எடுக்க முடிந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போனவர்கள் இப்படி எடுத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். லில்யன்குவிஸ்ட் என்பவர் தம் மகன்களோடு சேர்ந்து அந்தப் படங்களைத் திரட்டி, 2010இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். அவற்றில் பெரும்பாலானவர்களின் பெயர் தெரியாது. பொத்தான், இடுப்புப்பட்டை, தொப்பி இவற்றை வைத்து எந்தப் படை என்று ஓரளவு சொல்லலாம். ஆளின் பெயரைப் பொத்தான் சொல்லாது.

1863இல் கெட்டிஸ்பர்க் சண்டையில் இறந்த ஒருவரிடம் பெயர் சொல்லும் அடையாளம் எதுவும் இல்லை. மூன்று குழந்தைகளின் படம் மட்டும் இருந்தது. அன்றைய செய்தித்தாள்களில் புகைப்படம் அச்சிட வசதி கிடையாது. ஆகவே குழந்தைகள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று எழுத்தில் விவரித்து வெளியிட்டார்கள். அதைப் படித்த ஒரு தாய், தான் கணவருக்கு அனுப்பிய படம் அது என்று புரிந்துகொண்டார். அப்படித்தான் அவர் ஆமோஸ் ஹமிஸ்டன் என்று தெரிந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1857 எழுச்சிக்குப் பின், 1858இல் ஃபெலிஸ் பியாட்டோ என்ற புகைப்படக்காரர் லக்னோவில் ஒரு குதிரைப்படையைப் படமெடுத்தார். மெச்சம், ஆண்டர்சன் என்ற இரு ஆங்கிலேயர்களின் பெயர்கள் அந்தப் படத்தின் தலைப்பில் இருக்கின்றன. கூட நிற்கும் நம்மவர்கள் வெறும் 'சீக்கிய வீரர்கள்'. அவர்களையும் யாரோ ஒரு தாய் பெயர் சொல்லித்தானே கூப்பிட்டிருப்பாள்? நாடகக் கலைஞர் இப்ராஹிம் அல்காஸி இத்தகைய 19ஆம் நூற்றாண்டுப் படங்களைத் தேடிச் சேர்த்தார். அதனால் அந்தக் காலத்து முகங்கள் நமக்கு மிஞ்சின. எழுதாமல் விட்ட பெயரை எந்தச் சேகரிப்பாளராலும் சேர்க்க முடியாது.

பியாட்டோவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பாபரின் அப்பா பெயர் சொல்லாத பையனைப் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான். என் அம்மாவின் மாமா பெயர் எனக்குத் தெரியவில்லை. இன்று பெஞ்சு மேல் நிற்க வேண்டியது நான்தான்.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும்.

அம்மா வழிச் சொந்தங்களே, பர்மாவுக்குப் போன அந்த மாமாவின் பெயர் உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்