துர்காவின் பிறப்பும் டொக்டர் சுபாஷின் மறைவும்

உலகின் முதலாவது பரிசோதனைக் குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுண், 1978 ஜூலை 25 ஆம் திகதி இங்கிலாந்தின் ஒல்டாம் நகரில் பிறந்தாள். அந்தப் பரபரப்பு அடங்கு முன்னரே, சரியாகப் பத்து வாரங்கள் கழித்து, ஒக்டோபர் 3 ஆம் திகதி கல்கத்தாவில் மற்றொரு பெண் குழந்தை பிறந்தது. நவராத்திரி காலமாதலால் அதற்குத் துர்கா என்ற பெயர் வழங்கிற்று. முதலாவது குழந்தையின் பெயரை உலகமே அறியும். இரண்டாவது குழந்தையின் பிறப்புக்குக் காரணமானவரோ மூன்று ஆண்டுகளுக்குள் தம் உயிரையே மாய்த்துக் கொண்டார்.

அவர் டொக்டர் சுபாஷ் முகோபாத்யாய். கல்கத்தா, எடின்பரோ ஆகிய இரு பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் பட்டம் பெற்ற உடற்றொழிலியல் பேராசிரியர். உறைநிலை ஆய்வாளரான சுனித் முகர்ஜியும் மகப்பேற்று வைத்தியரான சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் அவருக்குத் துணை நின்றனர். வசதிகள் அற்ப சொற்பமே.

ஆயினும் அவர் இங்கிலாந்தின் வழியைப் பின்பற்றவில்லை. எட்வேர்ட்ஸும் ஸ்டெப்டோவும் இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டையை, வயிற்றில் துளையிட்டு உட்காட்டிக் கருவியின் உதவியுடன் எடுத்தனர். முகோபாத்யாயோ ஓமோன் ஊசி மூலம் சூலகத்தைத் தூண்டிப் பல முட்டைகளை முதிரச் செய்தார். அவற்றை யோனி வழியாக எடுத்தார். கருவுற்ற முளையத்தை உறைய வைத்து, 53 நாட்களின் பின்னர், தாயின் கருப்பை இயல்பு நிலைக்குத் திரும்பிய வேளையில் உட்செலுத்தினார். உறைய வைத்த முளையத்திலிருந்து மேற்குலகின் முதலாவது குழந்தை 1984 இல் தான் மெல்பேர்ணில் பிறந்தது. முட்டைகளைத் தூண்டி வளர்ப்பதும், யோனி வழியே எடுப்பதும், முளையத்தை உறைய வைப்பதும் இன்று உலகெங்கும் கருத்தரிப்பு நிலையங்களின் அன்றாட நடைமுறைகள்.

மேற்கு வங்க அரசு அவரைப் பாராட்டவில்லை, விசாரணைக்கு உட்படுத்தியது. 1978 நவம்பரில் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பௌதிகவியலாளர். குழந்தையின் பெற்றோரோ ஊராரின் ஏச்சுக்கு அஞ்சி வெளியே வரத் தயங்கினர். அவரது கூற்று நம்பத்தக்கதன்று என்று குழு தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு யப்பானிலிருந்து வந்த அழைப்பை ஏற்றுச் செல்லவும் அனுமதி மறுக்கப்பட்டது. 1981 ஜூனில் அவரைக் கண் சிகிச்சை நிறுவனம் ஒன்றுக்கு இடம் மாற்றினார்கள். ஓமோன் ஆய்வாளருக்கு அங்கே என்ன வேலை? அம்மாதம் 19 ஆம் திகதி அவர் தம் வீட்டில் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

இந்தியாவின் முதலாவது பரிசோதனைக் குழாய்க் குழந்தையாக, 1986 ஓகஸ்ட் 6 இல் மும்பையில் பிறந்த ஹர்ஷாவே பதிவு பெற்றாள். அதன் பெருமை விஞ்ஞானி ரி. சி. ஆனந்தகுமாருக்கும் வைத்தியர் இந்திரா ஹிந்துஜாவுக்கும் உரியதாயிற்று. 1997 இல் கல்கத்தா சென்ற ஆனந்தகுமாரிடம் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகள் கொடுக்கப்பட்டன. அவற்றை ஊன்றிப் படித்த அவர், முதன்மை தமக்கன்று, மறைந்த மனிதருக்கே உரியது என 'கரண்ட் சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார். தம் தலையிலிருந்த மகுடத்தைத் தாமே கழற்றி, உயிரோடில்லாத ஒருவருக்குச் சூட்டுவது எத்தனை பேருக்குக் கைகூடும்? பின்னாளில், இருபத்தைந்து வயதை எட்டிய துர்காவும் வெளியே வந்து தன் பிறப்பின் உண்மையைச் சொன்னாள்.

றொபேர்ட் எட்வேர்ட்ஸ் 2010 இல் நோபல் பரிசு பெற்றார். அவரும் தம் நாட்டில் ஏளனத்தையும் நிதி மறுப்பையும் சந்தித்தவரே. எனினும் ஆய்வைத் தொடர அவரை எவரும் தடுக்கவில்லை. முகோபாத்யாய்க்கு அந்த வாய்ப்புக் கூடக் கிட்டவில்லை. இம்முறையினால் இதுவரை ஒரு கோடிக்கும் அதிகமான குழந்தைகள் உலகில் பிறந்துள்ளனர். ஓர் ஆய்வாளரின் கூற்றை ஐயுறுவது விஞ்ஞானத்தின் கடமை. அதை நிரூபிக்கும் வழிகளை அடைத்துவிட்டு ஐயுறுவது அதிகாரத்தின் ஆணவம். அந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை உணர ஒரு மனிதரின் உயிரும் பத்தொன்பது ஆண்டுகளும் தேவைப்பட்டன.