காணொளிச் சுருக்கத்தில் அசைவுக் கணிப்பு

காணொளியின் ஒரு பிரேமை முழுதாக அனுப்பாமல், பெறுநரிடம் ஏற்கெனவே உள்ள மற்றொரு பிரேமின் துண்டுகளை இடம் மாற்றி வைத்து அதை உருவாக்கும் உத்தி அசைவுக் கணிப்பு. எம்பெக், எச்.264, ஏ.வி.1 என்று இன்று புழங்கும் காணொளி முறைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே அடித்தளம். 1920 × 1080 பிக்சல் கொண்ட ஒரு பிரேம், பிக்சலுக்கு 3 பைட் வீதம் 62 லட்சம் பைட்டைத் தாண்டும். நொடிக்கு 25 பிரேம் என்றால் 15 கோடி பைட்டுக்கு மேல். இந்தச் சுமை கைப்பேசிக்குள் அடங்குவதற்கு முதன்மைக் காரணம், அடுத்தடுத்த இரண்டு பிரேம்களுக்கு இடையே பெரும்பாலும் எதுவும் புதிதாக நடப்பதில்லை என்பதுதான்.

குறியாக்கி பிரேமைச் சிறு சதுரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு சதுரத்துக்கும் மிக நெருக்கமாக ஒத்த பகுதி முந்தைய பிரேமில் எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. கிடைத்த இடத்தை ‘இத்தனை பிக்சல் கிடையாக, இத்தனை பிக்சல் நெடுக்காக’ என்று இரண்டு எண்களில் குறிக்கிறது. இது அசைவுத் திசையன். கண்டெடுத்த பகுதிக்கும் உண்மையான சதுரத்துக்கும் உள்ள வித்தியாசம் எச்சம். எச்சத்தை அலைவெண் கூறுகளாக மாற்றி, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிட்டு, திசையனோடு சேர்த்து அனுப்புகிறது. பெறும் பக்கத்தில் உள்ள குறிவிலக்கி சொன்ன இடத்திலிருந்து பகுதியை எடுத்து, எச்சத்தைக் கூட்டிப் படத்தை மீட்கிறது.

இதில் எளிதில் தவறவிடக்கூடிய நுட்பம் ஒன்று உண்டு. குறியாக்கி கணிப்புக்கான பகுதியை எடுப்பது தன் கையில் உள்ள மூலப் படத்திலிருந்து அல்ல. பெறுநருக்குக் கிடைத்திருக்கும், சற்றே சிதைந்த படத்திலிருந்து. இதற்காகவே ஒவ்வொரு குறியாக்கிக்குள்ளும் ஒரு குறிவிலக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அது இல்லையென்றால் இரு பக்கத்துப் படங்களும் பிரேமுக்குப் பிரேம் விலகிக்கொண்டே போகும். 1990இன் எச்.261 தரத்தில் இரு பக்கக் கணக்கும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகும் என்ற உறுதி இல்லை. எனவே ஒரு சதுரம் 132 முறை அனுப்பப்படுவதற்குள் ஒருமுறையாவது கணிப்பில்லாமல் புதிதாக அனுப்பப்பட வேண்டும் என்று விதி வைத்தார்கள். முழு எண்களில் மட்டும் கணக்கிடும் அலைவெண் உருமாற்றத்தோடு 2003இல் எச்.264 வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

மாறாததை அனுப்ப வேண்டாம் என்ற எண்ணம் தொலைக்காட்சியின் குழந்தைப் பருவத்திலேயே இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ரே கெல், அடுத்தடுத்த படங்களின் வித்தியாசத்தை மட்டும் அனுப்பலாம் என்று 1929இல் பிரிட்டனில் காப்புரிமை கோரினார். ஒரு பிரேமை நினைவில் வைத்துக்கொள்ளும் கருவி அன்று இல்லாததால் அது காகிதத்திலேயே நின்றது. நாற்பது ஆண்டு கழித்து, 1969இல், பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் மவுன்ட்ஸ் மாறிய பிக்சல்களை மட்டும் புதுப்பிக்கும் முறையை வெளியிட்டார். படத்தொலைபேசியில் பேசுபவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்வரை அது நன்றாக வேலை செய்தது. தலையைத் திருப்பினாலோ அத்தனை பிக்சலும் மாறிவிடும்; சிக்கனம் போய்விடும்.

மாறியதை விட்டு நகர்ந்ததைப் பார்க்க வேண்டும் என்ற திருப்பமும் அதே 1969இல்தான் வந்தது. மிலானைச் சேர்ந்த ஃபாபியோ ரோக்கா, எம்.ஐ.டி.யில் நடந்த கருத்தரங்கில், அசைவை அளந்து அதற்கேற்பக் கணிப்பைத் திருத்தும் வழியை முன்வைத்தார். 1975இல் லிம்ப், மர்ஃபி இருவரும், 1976இல் கஃபோரியோவும் ரோக்காவும் படத்தில் நகரும் பொருளின் வேகத்தை அளக்கும் முறைகளை எழுதினார்கள். இவர்கள் எல்லோரும் அசைவை ஓர் இயற்பியல் உண்மையாகவே அணுகினார்கள்: கை நகர்கிறது, அதன் வேகத்தை அளக்க வேண்டும்.

பெல் ஆய்வகத்தில் அருண் நேத்ராவளியும் ராபின்ஸும் 1979இல் வெளியிட்ட முறை இந்தப் பாதையின் உச்சம். (மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த நேத்ராவளி பின்னாளில் அந்த ஆய்வகத்தின் தலைவரானார்.) அதில் அசைவு மதிப்பீடு பிக்சலுக்குப் பிக்சல் திருத்தப்படுகிறது. ஏற்கெனவே அனுப்பிய பிக்சல்களைக் கொண்டே அது நடப்பதால், பெறும் பக்கமும் அதே கணக்கைப் போட்டு அதே விடையை அடைந்துவிடும். திசையனை அனுப்பவே தேவையில்லை. அழகான யோசனை. ஆனால் வேகமான அசைவில் தடுமாறியது, பெறும் கருவியின் வேலையையும் கூட்டியது.

வென்றது அதைவிட முரடான ஒன்று. 1981இல் ஜஸ்வந்த் ஜெயினும் அனில் ஜெயினும், சதுரத்தை அப்படியே நகர்த்திப் பொருத்திப் பார்க்கும் முறையை விளக்கினார்கள். பொருள் சுழலலாம், பெரிதாகலாம், ஒரே சதுரத்துக்குள் இரண்டு பொருள்கள் எதிரெதிராகப் போகலாம். எதுவும் கணக்கில் இல்லை. ஒரு சதுரம், ஒரு நகர்வு. தவறினால் எச்சம் பார்த்துக்கொள்ளும். அந்த எச்சத்தைச் சுருக்கும் கருவி அதற்குள் தயாராக இருந்தது: நசீர் அகமது, நடராஜன், கே.ஆர்.ராவ் மூவரும் 1974இல் வெளியிட்ட டி.சி.டி. உருமாற்றம். ராவ் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

தேடுவதற்கு ஆகும் செலவுதான் அடுத்த தடை. 16 × 16 சதுரத்தை ஒவ்வொரு பக்கமும் 15 பிக்சல் வரை நகர்த்திப் பார்த்தால் 961 இடங்கள். இடத்துக்கு 256 கழித்தல்கள். 352 × 288 அளவுள்ள சிறு படத்தில் 396 சதுரங்கள். நொடிக்கு 30 பிரேமுக்கு ஏறத்தாழ 292 கோடிக் கழித்தல்கள். 1980களின் சில்லுகளுக்கு இது நடவாத காரியம். ஜப்பானின் என்.இ.சி. நிறுவனத்தைச் சேர்ந்த கோகாவும் குழுவினரும் 1981இல் மூன்று படித் தேடலைக் கொண்டுவந்தார்கள். முதலில் 4 பிக்சல் இடைவெளியில் ஒன்பது இடங்கள். அவற்றில் சிறந்ததைச் சுற்றி 2 பிக்சல் இடைவெளியில் எட்டு. பிறகு 1 பிக்சலில் எட்டு. இந்தச் சிறிய எல்லைக்குள் உள்ள 225 இடங்களுக்குப் பதில் 25. சரியான இடத்தை நெருங்க நெருங்கப் பிழை சீராகக் குறையும் என்ற நம்பிக்கையே இதற்கு ஆதாரம். செங்கல் சுவர், கட்டம் போட்ட சட்டை போன்றவற்றில் அந்த நம்பிக்கை பொய்க்கும்; தேடல் ஏதோ ஒரு கல்லில் போய் நின்றுவிடும். ஆனாலும் படம் கெடாது, கொஞ்சம் கூடுதல் பிட் செலவாகும், அவ்வளவுதான்.

தரங்களின் வரலாறு இதற்குப் பின் வேகமாக நகர்கிறது. 1984இன் எச்.120இல் அசைவுக் கணிப்பு இல்லை. 1988இன் திருத்தத்தில் சேர்ந்தது. எச்.261 அதை 16 × 16 சதுரத்தோடு நிலைநிறுத்தியது. 1993இன் எம்பெக்-1, அரைப் பிக்சல் நகர்வையும் இருதிசைப் பிரேம்களையும் கொண்டுவந்தது. இருதிசைக்கு நல்ல காரணம் உண்டு. ஒருவர் நடந்து விலகும்போது அவருக்குப் பின்னாலிருந்து வெளிப்படும் சுவர் முந்தைய பிரேமில் கிடையாது. பிந்தைய பிரேமில் இருக்கிறது. எனவே பிந்தையதை முதலில் அனுப்பிவிட்டு இடைப்பட்டதைப் பிறகு கணிக்கலாம். தாமதம் ஆகும், நேரடி உரையாடலுக்கு ஒத்துவராது, பதிவு செய்த படத்துக்குக் கவலையில்லை. திருட்டு வி.சி.டி. காலத்தில் சண்டைக் காட்சியில் படம் சதுரம் சதுரமாக உடைந்ததைப் பார்த்தவர்கள் எம்பெக்-1இன் வரம்பைக் கண்ணால் கண்டவர்கள். கணிப்பு பொய்த்து எச்சம் பெருகும்போது, அதற்கு ஒதுக்கிய பிட் போதவில்லை.

பிக்சலை எவ்வளவு நுணுக்கமாகப் பிளந்தால் பயன் என்ற கேள்விக்கு பெர்ன்ட் ஜிரோட் 1987 முதல் கோட்பாட்டளவில் விடை தேடினார். தொலைக்காட்சிப் படத்துக்குக் கால் பிக்சல் போதும், அதற்கு மேல் இரைச்சல் பயனை விழுங்கிவிடும் என்பது அவர் 1993இல் எட்டிய முடிவு. எச்.264 கால் பிக்சலோடுதான் வந்தது. கூடவே 4 × 4 வரை சுருங்கும் சதுரங்களும், 16 வரை பழைய பிரேம்களைப் பார்க்கும் வசதியும்.

ஆனால் பெரிய மாற்றம் தரங்களுக்கு வெளியே, குறியாக்கி முடிவெடுக்கும் விதத்தில் நடந்தது. கேரி சல்லிவனும் தாமஸ் வீகான்டும் 1998இல் எழுதிய கட்டுரை இதன் முக்கியக் குறிப்பு. பிழையை மட்டும் குறைக்காமல், பிழையோடு செலவாகும் பிட்டையும் ஒரு பெருக்கெண்ணால் எடையிட்டுக் கூட்டி, அந்த மொத்தத்தைக் குறைக்க வேண்டும். திசையன்கள் அண்டைச் சதுரத்திலிருந்து கணிக்கப்படுவதால், அண்டையோடு ஒத்த திசையனுக்கு விலை குறைவு. ஆகவே மேலும் நன்றாகப் பொருந்தும் இடம் தெரிந்தும் குறியாக்கி மலிவான இடத்தைத் தேர்கிறது. வெறும் வானத்தில் அண்டைச் சதுரத்தின் திசையன் தொற்றிக்கொள்வதும், நடக்கும் மனிதனின் காலில் எதிர்த்திசைத் திசையன் ஒட்டிக்கொள்வதும் குறியாக்கிக்குப் பிழையே அல்ல. ரோக்கா அளக்க விரும்பிய அசைவு இங்கே யாருக்கும் வேண்டியதில்லை.

அது வேண்டியிருந்த இடம் வேறு. பிரேம்களுக்கு நடுவே புதுப் பிரேம்களை உண்டாக்கும் தொலைக்காட்சிப் பெட்டிகளில், தவறைத் திருத்த எச்சம் எதுவும் வராது; திசையன் பொய்யானால் படத்தில் ஓட்டை விழும். பிலிப்ஸின் ஜெரார்ட் டி ஹானும் குழுவினரும் 1993இல் வெளியிட்ட மீள்சுழல் தேடல் முறை, அண்டைச் சதுரங்களின் திசையன்களையே வேட்பாளர்களாகக் கொண்டு, உண்மையான அசைவை நாடியது.

2013இன் எச்.இ.வி.சி. தரத்தில் சதுரம் 64 × 64 வரை வளர்ந்தது. அண்டையின் திசையனை அப்படியே எடுத்துக்கொள் என்று ஓர் எண்ணில் சொல்லிவிடும் வழியும் வந்தது. 2018இன் ஏ.வி.1, 2020இன் வி.வி.சி. இரண்டும் சுழற்சியையும் உருப்பெருக்கத்தையும் சேர்த்துக்கொண்டன. வி.வி.சி.யில் இன்னொன்றும் உண்டு. இருதிசைக் கணிப்பில் வந்து சேர்ந்த திசையனைக் குறிவிலக்கி தானே சிறு தேடல் நடத்திக் கூர்மையாக்குகிறது. அந்தத் திருத்தத்துக்காகத் தனியே எதுவும் அனுப்பப்படுவதில்லை. நேத்ராவளியும் ராபின்ஸும் 1979இல் பெறும் பக்கத்திடம் கேட்ட உழைப்பை, சில்லுகள் மலிந்த பிறகு தரமே கேட்கிறது.

2019இல் வெளியான டி.வி.சி. என்ற ஆய்வு, சதுரங்களை விட்டுவிட்டு, பிக்சல்தோறும் ஓட்டத்தை மதிப்பிடும் நரம்பியல் வலையை அந்த இடத்தில் வைத்தது. அசைவை நன்றாக மதிப்பிடப் பழக்கிய வலையை அப்படியே உறைய வைத்ததைவிட, பிட் செலவையும் பிழையையும் சேர்த்துக் குறைக்கும்படி மீண்டும் பழக்கியபோது, அசைவுக்குக் குறைந்த பிட்டில் சுருக்கம் மேம்பட்டது.