விளி கொள்ளாப் பெயர்கள்: தமிழ் மேடைப் பேச்சின் ஒரு முன்வரலாறு

மேடைப் பேச்சைக் கற்றுத்தரும் கையேடுகளுக்குத் தமிழில் பஞ்சமே கிடையாது. பழைய புத்தகக் கடைகளில் ஒரு தட்டு முழுக்க இதுதான் கிடக்கும். குரலை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது, எந்த இடத்தில் ஒரு குறளைப் போடுவது, கையை எப்படி வைத்துக்கொள்வது, கைதட்டலை எப்படி வாங்குவது, எல்லாம் அதில் உண்டு. தமிழ் எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குச் சொல்லப்பட்டதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். கொஞ்சம் இலக்கியப் பூச்சுடன். பேச்சு என்றால் அடுக்குமொழி, எதுகை, மோனை. அதற்கு மூலவர் அண்ணா, உற்சவர் கலைஞர். அதற்கு முன்னால் மேடையில் யாருமே பேசவில்லை போல.

பேச்சுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: யாரைப் பார்த்துப் பேசுவது? தயாரிப்பு என்பது அங்கேதான் தொடங்குகிறது. கேட்பவர் யார் என்று தீர்மானமானால்தான் என்ன மொழி, என்ன உதாரணம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் முடிவாகும். தொல்காப்பியத்தில் விளிக்கென்றே தனியாக ஓர் இயல் உண்டு, விளிமரபு. எந்தப் பெயர் விளியை ஏற்கும், எது ஏற்காது என்று அதில் ஒரு பகுப்பும் உண்டு. 'அவன்', 'இவன்' போன்ற சுட்டுப்பெயர்கள் விளி கொள்ளா. சுட்டிக்காட்டலாம், கூப்பிட முடியாது. இலக்கணத்துக்காகச் சொன்ன இந்தப் பகுப்பை மேடையின் வரலாற்றுக்கும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் ஆறுமுக நாவலர் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்கிறார். அப்போது அவர் 'நாவலர்' ஆகவில்லை. அந்தப் பட்டம் 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்தது. அன்றைக்கு அவர் மெதடிஸ்த மிஷன் பள்ளியில் ஆசிரியர். பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிக்கொண்டிருந்த இருபத்தைந்து வயது இளைஞர்.

அதுவரை கோவிலில் பேச்சே நடக்கவில்லையா என்று கேட்டால், நடந்தது. யாழ்ப்பாணத்தில் புராண படனம் உண்டு. ஒருவர் செய்யுளை வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்லுவார். அங்கே பேச்சு நூலின் நிழலில் நடக்கிறது. செய்யுள் எந்த வரிசையில் போகிறதோ பேச்சும் அந்த வரிசையில் போகும். கேட்பவர் வருவது கேட்ட புண்ணியத்துக்காக. கேட்டதும் எழுந்து ஏதாவது செய்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. நாவலரின் பிரசங்கம் இதைக் குலைத்துப்போட்டது. கிழமை குறித்தாயிற்று, வெள்ளி மாலை. ஒருவரே முழுக்கப் பேசுவார் (கார்த்திகேய ஐயரும் அவரும் மாறி மாறி). ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதை நிறுவுவதற்காக நூல்களை மேற்கோளாக இழுத்துவருவார். இப்போது நூல் பேச்சின் நிழலில் நிற்கிறது. இது பாதிரிமார் பிரசங்கத்தின் கட்டுமானம் என்பது வெளிப்படை. எதிரியின் ஆயுதத்தை எடுத்து எதிரியை அடித்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். சரி, ஆனால் ஆயுதத்தோடு ஒரு புதுத் தன்னிலையும் வந்து சேர்ந்தது: கேட்டு, ஒப்புக்கொண்டு, தன் நடத்தையை மாற்றிக்கொள்ளக் கடமைப்பட்ட கேட்பவர். நவீன மேடைக்கு இந்த ஆள் இல்லாமல் முடியாது.

அந்த ஆள் யார்? பிரசங்கம் நடந்தது கோவிலுக்குள். கோவிலுக்குள் நுழைய முடியாதவர்கள் பிரசங்கத்துக்கும் வெளியே. பாதிரியாரின் தேவாலயத்தில் சாதி இல்லாமல் போய்விட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கோட்பாட்டளவிலாவது அந்தப் பிரசங்கம் எல்லாரையும் பாவிகளாக விளித்தது. நாவலர் வடிவத்தை எடுத்துக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டார். சாதி ஆசாரத்தில் அவர் எவ்வளவு கறாரானவர் என்பதை அவர் எழுத்தைப் படித்தவர்கள் அறிவார்கள்.

அறுபது ஆண்டு தாண்டி, கடலுக்கு இந்தப்புறம் தூத்துக்குடி. இடையில் சென்னையில் ஆங்கில மேடை ஒன்று வளர்ந்திருந்தது. 1907 மே மாதம் மெரினா கடற்கரையில் விபின் சந்திர பால் பேசியது ஆங்கிலத்தில்தான். கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது புரிந்திருக்கும்? ஆனால் 1908 பிப்ரவரி, மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் பேசியது தமிழில். அதுவும் கோரல் மில் தொழிலாளர்களையும் சேர்த்து. பிப்ரவரி கடைசியில் மில்லில் வேலைநிறுத்தம். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. பேச்சைக் கேட்டவர்கள் எழுந்து ஏதோ செய்துவிட்டார்கள், அதனால்தான் சர்க்காருக்கு வயிற்றைக் கலக்கியது. மார்ச் 12இல் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச்சூடு, நான்கு உயிர். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார்: சிவாவுக்குப் பத்து ஆண்டு, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் நாடுகடத்தல். ஒன்று தான் பேசியதற்கு. இன்னொன்று சிவாவின் பேச்சுக்கு உடந்தையாக இருந்ததற்கு. பேச்சாளருக்குச் சோறுபோட்டு இடம்கொடுத்ததும் அந்த உடந்தையில் சேர்த்தி. நம் ஊர்க் கூட்ட அமைப்பாளர்கள் இதை ஒருமுறை நினைத்துப்பார்க்கலாம்.

இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வழக்கின் சாட்சியமே பேச்சுதான். அந்தப் பேச்சோ போலீஸ்காரர்களின் குறிப்பில் இருக்கிறது. அப்போது போலீசிடம் தமிழ்ச் சுருக்கெழுத்து இல்லை. வேகமாகப் பேசுகிறவரைச் சாதாரண எழுத்தில் துரத்திப்பிடித்து எழுதியதுதான் ஆவணம். இதற்குப் பிறகுதான் தமிழுக்குச் சுருக்கெழுத்து வேண்டும் என்ற அக்கறை அரசாங்கத்துக்குத் தீவிரமாகிறது. மதுரையில் தங்கி மேடைத் தமிழை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்டு பேட் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அல்தூஸரைப் படித்தவர்களுக்கு இதில் ஒரு குரூரமான வேடிக்கை தெரியும். அவருடைய உதாரணத்தில் போலீஸ்காரர் தெருவில் 'ஏய்' என்று கூப்பிடுகிறார், திரும்புகிறவன் அதிகாரத்தின் தன்னிலையாகிறான். தூத்துக்குடியில் கூப்பிடுகிறவர் சிவா. கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. போலீஸ்காரர் ஓரத்தில் நின்று வியர்க்க விறுவிறுக்க எழுதிக்கொண்டிருக்கிறார். தமிழ் அரசியல் பேச்சின் முதல் கவனமான வாசகர் அவர்தான். தமிழறிஞர்கள் அந்த வேலையைச் செய்யவில்லை.

நாவலரின் மேடையும் இந்த மேடையும் சந்திக்கிற இடம் சென்னை. நாவலர் மரபில் வந்த யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை சென்னை வெஸ்லியில் தமிழ் கற்பித்தார். அருட்பா-மருட்பா சண்டையில் வள்ளலாருக்கு எதிராக முழங்கியவர். அவருடைய மாணவர் திரு.வி.க. குரு 1907இல் இறந்தார். சீடர் அதே வெஸ்லியில் ஆசிரியராகி, 1917இல் வேலையை விட்டு, 'தேசபக்தன்' ஆசிரியரானார். சைவப் பிரசங்கத்தில் பழகிய நாக்கு அரசியலுக்கு வந்தது இப்படித்தான்.

பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் மில்களின் பக்கத்தில் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒன்று இருந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரு வியாபாரிகள் நடத்தியது. தொழிலாளர்கள் வேலை முடிந்து அங்கே சமயச் சொற்பொழிவு கேட்க வருவார்கள். திரு.வி.க. அங்கே பேசியிருக்கிறார். சமயம் கேட்க வந்தவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கியதும் சபை வேறொன்றாக மாறியது. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி. வாடியா, துணைத்தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. தமிழ் தெரியாத வாடியா ஆங்கிலத்தில் பேசுவார், அது தமிழில் சொல்லப்படும். வாடியாவின் பேச்சுகள் 1921இல் 'லேபர் இன் மெட்ராஸ்' என்று புத்தகமாகிவிட்டன. தொழிலாளியின் காதில் விழுந்த தமிழ் அதில் இல்லை. கூட்டத்தை உண்மையில் எழுப்பிவிட்ட சொற்கள் காற்றோடு போயின.

சங்கத்தின் பிறப்பை எல்லாரும் எழுதுகிறார்கள். 1921ஐ வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அந்த ஆண்டு மே, ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சேரவில்லை, வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, கலவரம் மூண்டது, போலீஸ் சுட்டது. 'கருங்காலி' என்ற ஒற்றைச் சொல்லால் இதை விளக்கியவர்கள் உண்டு. கடன், பட்டினி, சாய்ந்துகொள்ள ஊரில் நிலமில்லாத நிலை, இவையெல்லாம் காரணங்கள்தான். நான் சேர்த்துக்கொள்ள விரும்புவது ஒன்று. வைணவப் பெயர் தாங்கிய ஒரு சபையின் முற்றத்திலிருந்து எழுந்த மேடை அது. அங்கே முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் யார், சேரிக்காரர் எங்கே நின்றிருப்பார்? 'தொழிலாளி' என்ற பொதுப்பெயர் எல்லாரையும் கூப்பிடுவதாக மேடைக்காரர்கள் நம்பினார்கள். கூப்பிடப்பட்டவர்களில் ஒரு பகுதிக்கு அது தன் பெயராகப் படவில்லை. நெருக்கடி வந்தபோது விளி மறைந்து சுட்டு வந்தது: 'அவர்கள்'. நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர்களை மில் பகுதியிலிருந்தே அப்புறப்படுத்தச் சொன்னபோது இந்தச் சுட்டு உச்சிக்குப் போனது. 1923இல் எம்.சி. ராஜா அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார்.

பிறகு வந்த மேடைகளைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. பெரியார் கேள்வி கேட்டுக் கேட்டு, சண்டை போடுகிற மாதிரி, வீட்டுத் தமிழில் மணிக்கணக்காகப் பேசியது ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம். 'தம்பி', 'உடன்பிறப்பே', 'இரத்தத்தின் இரத்தமே' என்று விளி உறவுமுறைக்குள் நகர்ந்தது இன்னொன்று. சாதியும் உறவுமுறையும் ஒரே கொடியில் காய்க்கிற சமூகத்தில், இரத்தம் என்று கூப்பிட்டால் யார் திரும்புவார், யார் தயங்குவார்? அடுக்குமொழியைப் பற்றி எழுதிய பக்கங்களில் பத்தில் ஒரு பங்காவது இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பது இந்த வரலாற்றின் இன்னொரு பொய். அயோத்திதாசர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தில் சொற்பொழிவுகள் நடந்தன. மெரினாவில் பால் பேசிய அடுத்த மாதம், 1907 ஜூனில், 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவரத் தொடங்கியது. சங்கத்தின் கிளை கோலார் தங்கவயல் வரை போயிற்று. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே ஜி. அப்பாதுரையார் போன்றவர்கள் பேசினார்கள். அந்த மேடைக்குக் கோவில் மண்டபமோ சபா முற்றமோ கிடையாது. இருந்ததெல்லாம் சங்கமும் ஒரு பத்திரிகையும்தான். 'தமிழன்' இதழ்களை அந்தக் கூட்டங்களின் தடயத்துக்காக வரிவரியாகப் படிக்கிற வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.