கில்லர் ஆஃப் ஷீப் (திரைப்படம்)

கில்லர் ஆஃப் ஷீப் என்பது அமெரிக்க இயக்குனர் சார்லஸ் பர்னெட் எழுதி, ஒளிப்பதிவு செய்து, தொகுத்து, தயாரித்து இயக்கிய கறுப்பு வெள்ளைத் திரைப்படமாகும். தலைப்பின் பொருள் "ஆடுகளைக் கொல்பவன்" என்பதாகும். லாஸ் ஏஞ்சலசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை முதுகலைப் பட்டத்திற்கான ஆய்வேடாக இப்படம் 1977 ஆம் ஆண்டு ஒப்படைக்கப்பட்டது. எனினும், இது திரையரங்குகளில் முறையாக வெளியாக 30 ஆண்டுகள் ஆயின.

பின்னணி

பல அமெரிக்கத் திரைப்படப் பள்ளிகளில், முதுகலை மாணவர்கள் எழுத்து ஆய்வேட்டிற்குப் பதிலாகத் திரைப்படம் ஒன்றை உருவாக்கி ஒப்படைக்கலாம். 1970களில் இப்பல்கலைக்கழகத்தில் பயின்ற கறுப்பின மாணவர்கள் தம் சமூகத்தின் வாழ்க்கையைப் படமாக்க முனைந்தனர். இவர்கள் பின்னாளில் "எல். ஏ. கிளர்ச்சி" இயக்கத்தினர் என அழைக்கப்பட்டனர். எத்தியோப்பியாவில் பிறந்த ஹைலே கெரிமா, ஜூலி டாஷ் ஆகியோரும் இவர்களுள் அடங்குவர்.

கதை

லாஸ் ஏஞ்சலசின் வாட்ஸ் பகுதியில் வாழும் ஸ்டான், ஆடுவெட்டும் கூடத்தில் பணிபுரிகிறான். உறக்கமின்மையும் களைப்பும் அவனை மனைவியிடமிருந்து விலக்குகின்றன. பழைய வாகன இயந்திரம் ஒன்றை நண்பனுடன் சேர்ந்து வாங்குகிறான். அது வண்டியிலிருந்து விழுந்து பழுதாகிவிடுகிறது. தொடர்ச்சியான கதையாக அன்றி, இத்தகைய அன்றாட நிகழ்வுகளின் தொகுப்பாகவே படம் அமைந்துள்ளது. ஸ்டானாக ஹென்றி ஜி. சாண்டர்சும் அவன் மனைவியாகக் கேசி மூரும் நடித்துள்ளனர்.

தயாரிப்பு

1970களின் முற்பகுதியில், பெரும்பாலும் வார இறுதி நாட்களில், 16 மிமீ படச்சுருளில் படப்பிடிப்பு நடைபெற்றது. செலவு 10,000 டாலருக்கும் குறைவு. நடித்தவர்களில் பலர் தொழில்முறை நடிகர் அல்லர்.

இசை உரிமைச் சிக்கல்

டைனா வாஷிங்டன், பால் ரோப்சன் முதலானோரின் பாடல்கள் படத்தில் பயன்படுத்தப்பட்டன. வணிக வெளியீட்டை நோக்காத மாணவப் படம் என்பதால் அவற்றுக்கான உரிமைகளைப் பர்னெட் பெற்றிருக்கவில்லை. இதனால் படம் திரைப்பட விழாக்களிலும் அருங்காட்சியகங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் மட்டுமே காட்டப்பட்டு வந்தது. 1978 இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் திரையிடப்பட்டது. 1981 இல் பெர்லின் திரைப்பட விழாவில் விமர்சகர் விருது பெற்றது. 1990 இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆயினும், பாதுகாக்கத் தக்கது என அரசே அறிவித்த இப்படத்தைப் பொதுமக்கள் காண்பது அரிதாகவே இருந்தது.

மீட்பும் வெளியீடும்

பர்னெட் பயின்ற பல்கலைக்கழகத்தின் திரைப்பட ஆவணக்காப்பகமே படத்தைச் செப்பனிட்டு 35 மிமீ வடிவிற்கு மாற்றியது. இசை உரிமைகளுக்கு ஏறத்தாழ 150,000 டாலர் தேவைப்பட்டது. இது தயாரிப்புச் செலவைப் போல் 15 மடங்குக்கும் அதிகமாகும். இயக்குனர் ஸ்டீவன் சோடர்பெர்க் நிதியுதவி அளித்தார். மைல்ஸ்டோன் நிறுவனம் 2007 மார்ச்சில் படத்தை வெளியிட்டது. பர்னெட்டுக்கு 2017 இல் மதிப்புறு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது.

மாணவப் படம் ஒன்று தேர்வாளர்களைத் தாண்டிப் பார்வையாளர்களைச் சென்றடைய, அதன் தரத்துடன் உரிமைகளும் படச்சுருளின் பாதுகாப்பும் இன்றியமையாதவை என்பதற்கு இப்படம் சிறந்த எடுத்துக்காட்டாகும்.